மூன்று மைல் ஓட்டமும் ஒரு பூட்டிய கேட்டும்

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் ஊர்க் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்களும் இப்போதே படித்துவிடுங்கள். உங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுவில் ஜல்லிப்பொடி பரப்பிய பாதை, அந்தப் பாதையில் வியர்த்து வழிந்தபடி நான். "டியூக் பல்கலைக்கழகத்துச் சுற்றுப்பாதையில் இன்று நடுவில் உட்காராமல் முழுச் சுற்று முடித்தேன். கேட்டில் யாரும் நிறுத்தவில்லை, ஏனென்றால் கேட்டே இல்லை. நம் கல்லூரியில் ஏன் இப்படி முடியாது?" என்று கீழே எழுதியிருந்தேன். பத்து நிமிடத்தில், கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பதில் போட்டார். "டீச்சர், அது அமெரிக்கா. அங்கே ஜனங்களுக்கு ஒழுக்கம் உண்டு. இங்கே திறந்துவிட்டால் ஒரே மாதத்தில் நாறிப்போகும்." அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அந்தப் பதினான்கில் நாலு பேர் என்னிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

அந்தப் பதிலுக்குப் பதில்தான் இது. சார் என்னைவிட மூத்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவிலேயே காலத்தைக் கழித்தவள். இருந்தாலும் சொல்கிறேன். சார், நீங்கள் சொன்னது தப்பு. தப்பு மட்டுமில்லை, அந்தத் தப்பினால் ஒரு பெண்ணின் கால் உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓட்டம். 64 வயதுக்காரி ஓடினேன் என்றதும் சிரிப்பவர்கள் சிரித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரிலேவில் மூன்றாவது ஆளாக ஓடியிருக்கிறேன். அதன் பிறகு நாற்பத்தைந்து வருடம் நான் ஓடியதெல்லாம் டவுன் பஸ்ஸைப் பிடிக்கத்தான். சர்க்கரை வந்து பதினோரு வருடம். டாக்டர் நடக்கச் சொன்னார். ஓடச் சொன்னது மாப்பிள்ளை. ஏப்ரல் தொடக்கத்தில் மகள் வீட்டுக்கு வந்தேன். அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், டர்ஹம் என்ற ஊர். மாப்பிள்ளை காலையில் ஆபீஸ் போவதற்கு முன் ஓடப் போவார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் ஒரு நாள் காரில் ஏறிக்கொண்டேன். "அத்தை, மூணு நிமிஷம் நடங்க, ஒரு நிமிஷம் ஓடுங்க. முடியலைன்னா நில்லுங்க, அவ்வளவுதான்" என்றார். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் இரண்டு சுற்று முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார்.

அந்தப் பாதையை அங்கே அல் பியூலர் டிரெயில் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஏறக்குறைய மூன்று மைல், நம் கணக்கில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரும்பகுதி மரங்களுக்குள்ளேயே. சமதரை என்று நினைத்துவிடாதீர்கள், ஏற்றம் இறக்கம் நிறைய. ஓரங்களில் மண் நம் ஊர்ச் செவல்காட்டு மண் மாதிரியே சிவப்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நான் வந்த சமயம் பைன் மரங்கள் மகரந்தம் கொட்டிக்கொண்டிருந்தன. கார், திண்ணை, என் செருப்பு எல்லாம் மஞ்சள்தூள் தூவியது போல் இருந்தது. பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக ஒரு கொடி படர்ந்திருக்கும், பாய்சன் ஐவி என்று பெயர், அதைத் தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். நம் ஊர்க் காஞ்சொறிக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாஸ்போர்ட் ஜெராக்ஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுடிதாரின் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். யாராவது வழிமறித்து "நீங்கள் யார், ஸ்டூடண்டா, ஸ்டாஃபா, எதற்கு உள்ளே வந்தீர்கள்" என்று கேட்டால் காட்டலாம் என்று. கவர் வியர்வையில் ஒட்டி இடுப்பை அறுத்ததுதான் மிச்சம். யாரும் கேட்கவில்லை. எதிரே வந்தவர்கள் தலையை அசைத்து "மார்னிங்" என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்துவிட்டு அடையாள அட்டை தொங்கத் தொங்க நடந்த நர்ஸ்கள், குழந்தையை மூன்று சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடிய ஓர் அப்பா, நாயைக் கயிற்றில் பிடித்தபடி என்னைவிட வயதான ஒரு தாத்தா, அரை நிமிடத்தில் எங்களையெல்லாம் தாண்டிப் போன மாணவர்கள். யார் உள்ளூர், யார் வெளியூர், யார் கட்டணம் கட்டியவர் என்று பார்த்தால் தெரியாது. கோல்ஃப் ஆடப் பணம் கட்ட வேண்டும். சுற்றி ஓடுவதற்குக் காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

இதே பல்கலைக்கழகத்துக்கு ஊருக்குள் இன்னொரு வளாகம் இருக்கிறது, கிழக்கு வளாகம் என்பார்கள். அங்கே கல் மதில் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். இடுப்பளவு. அதை ஒட்டியே ஒரு நடைபாதை, அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் தினமும் சுற்றுகிறார்கள். மதிலுக்கு வேலை எல்லை காட்டுவது, அவ்வளவுதான் என்று அதைக் கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

நம் கல்லூரி யார் கட்டியது? ஊர் வியாபாரிகள் மூட்டைக்கு இத்தனை பைசா என்று மகமை வைத்துச் சேர்த்த பணம். என் அப்பா மளிகைக்கடையில் கணக்கு எழுதியவர், மகமைக் கணக்குக்குத் தனிப் பேரேடு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்று அரசு உதவி பெறும் கல்லூரி, ஆசிரியர் சம்பளம் அரசாங்கப் பணம், அதாவது என் வரி, உங்கள் வரி. என் இரண்டு பிள்ளைகளும் சைக்கிள் பழகியது அந்த மைதானத்தில்தான். சாயங்காலம் அரை ஊர் அங்கே இருக்கும். வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் பெரியவர்கள், நடுவில் கிரிக்கெட், ஓரமாக நடக்கிறவர்கள். வளாகத்தை உள்புறமாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றரை கிலோமீட்டர் தேறும். யாரும் அளந்து கல் நட்டதில்லை, ஆனாலும் மூன்று சுற்று, நாலு சுற்று என்று எல்லோருக்கும் கணக்கு உண்டு.

பிறகு மதில் உயர்ந்தது. அதன் மேல் முள்கம்பி வந்தது. கேட்டில் "அந்நியர்கள் உள்ளே பிரவேசிக்கக் கூடாது" என்று பலகை வந்தது. அந்நியர்! மூட்டைக்கு மூட்டை மகமை கொடுத்தவனின் பேரன் அந்நியன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நான் போய்க் கேட்டேன். வாட்ச்மேன் என் பழைய மாணவனின் அப்பா. பாவம், எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, "டீச்சர், உங்களை விட்டால் எல்லாரையும் விடணும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆபீஸில் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. பதில் வந்துகொண்டே இருக்கிறது.

மைதானத்தைப் பூட்டினால் ஓடுகிறவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தீர்களா? பைபாஸுக்குப் போனார்கள். காலை நாலரை, ஐந்து மணிக்கு நாலு வழிச் சாலையில் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப்புறம், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், வரிசையாக நம் பிள்ளைகள். எதற்கு ஓடுகிறார்கள்? போலீஸ் வேலைக்கு. இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் ஓட வேண்டும். அப்பன் கொத்தனார், அம்மா தீப்பெட்டி ஆபீஸ், வீட்டில் முதல் பட்டதாரி, இவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அரசாங்க வேலை அது. பணம் உள்ளவன் பிள்ளை அகாடமிக்குப் போகிறான், அங்கே மைதானம் இருக்கிறது. இல்லாதவன் பிள்ளைக்கு நெடுஞ்சாலை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம், அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். உடல்தகுதித் தேர்வுக்குச் சில வாரம் இருந்தது. மார்கழி மாதம், காலை ஐந்தேகால், முன்னால் போகிற ஆள் தெரியாத பனி. தம்பி சைக்கிளில் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு வர, இவள் ஓடியிருக்கிறாள். பால் வண்டி ஒன்று இன்னொரு வண்டிக்கு ஒதுங்கும்போது இவளைத் தட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. உயிர் பிழைத்தாள், அந்த மட்டும் சரி. தேர்வு போயிற்று. அடுத்த அறிவிப்பு வந்தபோது கால் தேறவில்லை, அதற்கும் அடுத்தது வருவதற்குள் வயது தாண்டிவிட்டது. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அங்கே நாற்காலி கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் விழுந்த இடத்திலிருந்து கல்லூரி மதில் இருநூறு அடி. மதிலுக்கு உள்ளே 400 மீட்டர் ட்ராக் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? மீதி நாளெல்லாம் அதில் ஆடு மேய்கிறது. ஆட்டுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் எப்படிக் கிடைத்ததோ.

சரி, சாருடைய வாதத்துக்கு வருகிறேன். அங்கே ஜனங்களுக்கு ஒழுக்கம் உண்டு, நமக்கு இல்லை. ஆகவே பூட்டு.

நான் ஓடிய அதே பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். மாப்பிள்ளை ஒரு நாள் சொல்லத் தொடங்கினார், பிறகு நானே போனில் தேடிப் படித்தேன். புகையிலை வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பத்தின் பணத்தில் 1924-ல் டியூக் என்று பெயர் மாறிய கல்வி நிலையம் அது. (சிகரெட் காசில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியும் கட்டியிருக்கிறார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.) 1961 வரை கறுப்பினத்தவர் யாரையும் மாணவராகச் சேர்க்க மாட்டோம் என்பதுதான் அங்கே விதி. இளநிலைப் பட்டப் படிப்புக்கு முதல் ஐந்து கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தது 1963-ல். கவனியுங்கள், நான் பிறந்த பிறகு! இடுப்பளவு மதில் கட்டிய அதே ஊர்தான். மதில் தாழ்வாக இருந்தது, விதி உயரமாக இருந்தது.

அதே டர்ஹம் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. இன்று அது வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம். அங்கே தடகளப் பயிற்சியாளர் லெராய் வாக்கர். இவருடைய மாணவர் லீ கால்ஹூன் 1956-லும் 1960-லும் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒரே ஊர், ஆனால் இவர்கள் டியூக் வளாகத்தில் படிக்க முடியாது. அந்தக் காலத்தில், 1955-ல், டியூக்கில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர் அல் பியூலர், வெள்ளைக்காரர். இரண்டு பேரும் நண்பர்களானார்கள். விதி மாறும்வரை காத்திருக்காமல், வாக்கரின் ஓட்டக்காரர்களுக்கு டியூக்கின் ட்ராக்கைத் திறந்துவிட்டார் பியூலர். அன்றைய தென் மாநிலங்களில் இது சின்ன விஷயமில்லை. 1971-ல் ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டக்காரர்களும் அமெரிக்க ஓட்டக்காரர்களும் மோதிய பெரிய போட்டி டியூக் ஸ்டேடியத்திலேயே நடந்தது. வாக்கர் 1976-ல் அமெரிக்க ஒலிம்பிக் தடகள ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், கறுப்பினத்தவரில் முதல் ஆள். பின்னால் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவர் ஆனார். பியூலர் நாற்பத்தைந்து வருடம் டியூக்கில் பயிற்சியாளராக இருந்தார். நான் மூச்சு வாங்க வாங்கச் சுற்றிய பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் எங்கே சார் ஜனங்களின் ஒழுக்கம் வருகிறது? "அவர்கள் வந்தால் நாறிப்போகும்" என்று அங்கேயும் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, நம்மைவிட நல்ல இங்கிலீஷில். உள்ளே விடக்கூடாது என்று நினைத்தவர்களும் திறந்துவிட்டவர்களும் ஒரே ஊர், ஒரே ஜனம். வித்தியாசம், பொறுப்பில் இருந்த ஓர் ஆள் திறந்தார்.

அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்கிற செலவில் நம் ஊரில் மாடி வீடே கட்டிவிடலாம். ஓடும் பாதை இலவசம், வகுப்பறை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாக்கனி. நம் கல்லூரியில் வகுப்பறை எட்டுகிறது, பாதைக்குப் பூட்டு. இரண்டில் எதைச் சரிசெய்வது சுலபம்? ஒரு பூட்டுதானே.

பாட்டில் பிரச்சினை உண்மை. மறுக்க மாட்டேன். திங்கள்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் பிரேயருக்கு முன்னால் பிராந்தி பாட்டில் பொறுக்கிய கை இது. ஒரு முறை மைதானத்தில் ஓர் அம்மாவின் செயினை அறுத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் பாட்டில்காரன் எப்போது வருகிறான்? ராத்திரி பத்து மணிக்கு, ஆள் இல்லாத இடத்துக்கு. காலை ஐந்தரைக்கு நாற்பது பேர் சுற்றுகிற இடத்தில் எவன் வந்து பாட்டில் திறப்பான்? நீங்கள் பூட்டியது யாரை? ராத்திரிக்காரன் மதில் ஏறிக் குதித்து இன்றைக்கும் வருகிறான், மறைவிடம் கிடைத்தது என்று சந்தோஷமாக வருகிறான். மதில் ஏற முடியாதவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். நான், சர்க்கரை வந்த என் வயதுப் பெண்கள், போலீஸ் வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள்.

பெண்கள் விடுதி இருக்கிறது, பாதுகாப்பு என்கிறீர்கள். டியூக்கிலும் வளாகத்துக்குள் பெண்கள் தங்கிப் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கென்றே தனிப் போலீஸ் வைத்திருக்கிறார்கள். தங்குகிற கட்டிடத்துக்குள் அட்டை இல்லாமல் நுழைய முடியாது, சுற்றுப்பாதைக்கு யாரும் வரலாம். கட்டிடம் வேறு, பாதை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. விடுதிக்கு வேலி போடுங்கள், நான் வந்து கம்பி பிடிக்கிறேன். விடுதியைக் காட்டி எண்பது ஏக்கரையும் பூட்டாதீர்கள். அப்புறம் ஒன்று கேட்கிறேன், விடுதிப் பெண்கள் ஓடுகிறார்களா? அவர்களுக்கும் ஆறு மணிக்கு மேல் மைதானம் கிடையாது. அவர்களைப் பாதுகாக்கிறோம் என்று அவர்களையும் சேர்த்துத்தானே பூட்டியிருக்கிறீர்கள்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா? இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள். எழுதுகிறேன்.

கடைசி ஏழு வருடம் நான் தலைமையாசிரியை. பள்ளி மைதானத்தின் சாவி என் கைப்பையில் இருந்தது. பாட்டில் பொறுக்கி அலுத்துப்போய், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, மதிலை இரண்டடி உயர்த்தி, உச்சியில் சிமெண்டில் கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கச் சொன்னவள் நான்தான். அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது தெரியுமா, மைதானத்தில் பொறுக்கிய அதே பாட்டில்களை உடைத்து. அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது, நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். கோடை விடுமுறையில் பந்து எடுக்க ஏறிய ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிந்தது. ஏழு தையல். என் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்த பையன். லீவு விட்டதும் அவனுடைய பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அவன் திருடன் மாதிரி ஏற வேண்டியிருந்தது. அவன் அம்மா என்னிடம் வந்து சண்டை போடவில்லை. "இனிமே ஏற மாட்டான் டீச்சர், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகாவது நான் திறந்தேனா? இல்லை. பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஓய்வு பெறும் நாளில் சாவியை அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தேன். கண்ணாடி இன்னும் மதிலில்தான் இருக்கிறது.

ஆகவே ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று நீங்கள் சொல்லும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உள்ளும் புறமும் தெரியும் சார். சாவி வைத்திருப்பவர்களுக்கு வருகிற சோம்பேறித்தனம் அது. திறந்தால் வேலை. பூட்டினால் வேலை இல்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் வைத்த கௌரவமான பெயர் பாதுகாப்பு.

என்ன கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், வெறும் புலம்பலாக விட்டுவிடக் கூடாது. காலை 5 மணி முதல் 7.30 வரை, மாலை 5.30 முதல் 7 வரை மேற்கு கேட்டை மட்டும் திறங்கள். வகுப்பறை, லேப், விடுதி எல்லாம் பூட்டியே இருக்கட்டும். மதிலை ஒட்டி உள்புறமாக ஒரு சுற்றுப்பாதை, 100 மீட்டருக்கு ஒரு கல், கல்லுக்கு வெள்ளை. அந்த வெள்ளையடிக்க நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ட்ராக்கில் சுண்ணாம்புக் கோடு மாதம் ஒரு முறை. கேட்டில் ஒரு நோட்டு, பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு உள்ளே போகட்டும். டியூக்கில் நோட்டு இல்லை. நமக்கு இருக்கட்டும், முதல் வருடம் பயம் தெளிகிற வரைக்கும். இன்னொரு வாட்ச்மேன் தேவைப்படும், ஒப்புக்கொள்கிறேன். அவர் சம்பளத்தில் மாதம் 2,000 ரூபாய் என் பென்ஷனிலிருந்து ஒரு வருடத்துக்குத் தருகிறேன். கட்டைவிரல் காட்டிய பதினான்கு பேரில் எத்தனை பேர் ஐந்நூறு தருவீர்கள் என்று குழுவிலேயே சொல்லுங்கள்.

மூன்று மாதம் திறந்து பாருங்கள். நாறினால் நானே வந்து பூட்டுகிறேன், குப்பையையும் அள்ளுகிறேன். பழக்கப்பட்ட வேலைதான்.

ஜூலை முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். அது வரைக்கும் இங்கே வாரம் நாலு நாள் ஓட்டம். இப்போது இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று முன்னேறியிருக்கிறேன். ஜூன் மாதப் புழுக்கம் நம் தூத்துக்குடியைத் தோற்கடிக்கிறது, ஏற்றத்தில் இன்னும் நடைதான். நேற்று அந்தத் தாத்தா, நாய்க்காரர், என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொன்னார். புரியவில்லை, சிரித்துவைத்தேன்.

மனுவை எழுதி முடித்துவிட்டேன், இரண்டு பக்கம். முதல் கையெழுத்து ஜவுளிக்கடையில் வேலை செய்கிற அந்தப் பெண்ணுடையது, வீடியோ காலில் படித்துக் காட்டினேன், போடுகிறேன் என்றாள். கண்ணாடியில் கை கிழித்துக்கொண்ட பையன் இப்போது மெக்கானிக், அவனையும் கேட்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஜூலை இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். பேராசிரியர் சாரும் வர வேண்டும். காபி உண்டு. சண்டையும் போடலாம்.

வரும்போது யாராவது பள்ளிக்கூட மதிலுக்கு ஓர் உளியும் சுத்தியலும் கொண்டுவாருங்கள். இப்போதைய தலைமையாசிரியரிடம் போனில் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். ஏணி என்னிடம் இருக்கிறது.